காலைப்பொழுதும் தொலைக்காட்சியும்: ஒரு நேரத்தின் வரலாறு

1. பொருளும் நோக்கமும்

நம் சமூகத்தில் முதியோர் கூடுமிடங்களில் தொலைக்காட்சி பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் ஒரே தீர்ப்பில் சென்று முடிவதைக் காண்கிறோம். அக்காலத்தில் நிகழ்ச்சிகள் சிலவே இருந்தன, ஆயினும் அவை மனத்தில் நின்றன. இக்காலத்திலோ பெட்டியைத் திறந்தால் விடியற்காலையிலேயே அரட்டையும் சிரிப்பும் சமையலும் இராசிபலனும் விளம்பரமும் வந்து நிற்கின்றன. கேட்டு முடித்தபின் எதுவும் எஞ்சுவதில்லை. இவ்வாறு கூறுவோர் பலராதலின், இக்கூற்றை வெறும் முதுமையின் முணுமுணுப்பு என்று தள்ளிவிட இயலாது. அதே வேளையில், பலரும் கூறுகின்றனர் என்னும் ஒரே காரணத்தால் அதனை உண்மை எனக் கொள்ளவும் வரலாற்று மாணவருக்கு உரிமையில்லை.

நினைவு ஒரு சான்று. சான்றாளரை மதிப்பது எவ்வளவு தேவையோ, அவரைக் குறுக்கு விசாரணை செய்வதும் அவ்வளவு தேவை. அம்முறையில், பழைய தொலைக்காட்சி மீதுள்ள ஏக்கத்தையும் இன்றைய காலை நிகழ்ச்சிகள் மீதுள்ள வெறுப்பையும் சிங்கப்பூர், மலேசியத் தொலைக்காட்சி வரலாற்றோடு வைத்துச் சோதிப்பதே இவ்வுரையின் நோக்கம். தொலைக்காட்சி இங்கு மாலைக்குரிய பொருளாகப் பிறந்தது எப்படி, காலைப்பொழுது யார் யார் கையில் இருந்தது, இம்மாற்றங்களால் தமிழ் பெற்றது என்ன, இழந்தது என்ன என்னும் வினாக்களை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

2. மாலையில் பிறந்த தொலைக்காட்சி

சிங்கப்பூரின் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மாலை, முன்னோட்ட ஒளிபரப்பாகத் தொடங்கியது. விக்டோரியா நினைவு மண்டபத்தில் நிகழ்ந்த அவ்விழாவைத் தொடக்கி வைத்தவர் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். இராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த அவரே உள்ளூர்த் திரையில் முதலில் தோன்றிப் பேசியவரும் ஆவார். நம் வாழ்வில் ஒரு சமுதாய, பண்பாட்டுப் புரட்சி அவ்விரவில் தொடங்கக்கூடும் என்னும் கருத்தை அவர் அன்று வெளியிட்டார். அந்த முதல் ஒளிபரப்பு நீடித்த நேரம் 1 மணி 40 நிமிடம். முறையான ஒளிபரப்பை அதே ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் அரசத் தலைவர் யூசோஃப் இஷாக் தொடக்கி வைத்தார். 5ஆம் ஒளிவழியைத் தொடர்ந்து நவம்பர் 23ஆம் நாள் 8ஆம் ஒளிவழி முறையாகத் தொடங்கியது. மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கோலாலம்பூரில் தொலைக்காட்சியைத் தொடக்கி வைத்தார். அங்கு இரண்டாம் அலைவரிசை 1969 நவம்பரில் வந்தது.

ஆக, 1963ஆம் ஆண்டின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையில் இரு நிலப்பகுதிகளும் தொலைக்காட்சி உள்ளவையாக மாறின. எனினும் அது நாள் முழுவதும் ஒளிர்ந்த திரை அன்று. படம்பிடிக்கும் கருவிகள் சில. பயிற்சி பெற்றோர் மிகச் சிலர். அயல்நாட்டுப் படச்சுருள்களை வாங்கும் பணமும் அளவோடு இருந்தது. பகற்பொழுதில் மக்கள் துறைமுகத்திலும் தோட்டத்திலும் அலுவலகத்திலும் இருந்தனர். எனவே அவர்கள் வீடு திரும்பும் மாலைப்பொழுதே ஒளிபரப்புக்குரிய நேரமாயிற்று. ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன் திரையில் கோடுகளும் வட்டங்களும் கொண்ட சோதனைப் படம் நின்றது. இரவில் நாட்டுப்பண்ணோடு ஒளிபரப்பு முடிந்தது. திரைக்கும் ஒரு விடிவும் ஓர் அடைவும் இருந்தன.

பெட்டிகளும் குறைவே. சிங்கப்பூரில் சமூக மன்றங்களில் வைக்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளே பலருக்கு முதல் அறிமுகம். சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே திரையின் முன் நின்று, தமக்குப் புரியாத மொழி நிகழ்ச்சியையும் சேர்த்தே பார்த்தனர். அடுத்துத் தம் மொழி வரும் என்று காத்திருந்தனர். மலேசியத் தோட்டப்புறங்களில் மின்சாரம் எட்டாத குடியிருப்புகளில், மகிழுந்தின் மின்கலத்தைக் கொண்டு கறுப்பு வெள்ளைப் பெட்டியை இயக்கிய குடும்பங்கள் உண்டு. மின்கலத்தில் ஆற்றல் உள்ளவரைதான் படம். தீர்ந்தால் அதனைக் கடைக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வரவேண்டும். அத்தகைய வீட்டில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பது ஒவ்வொரு நாளும் எடுக்கவேண்டிய முடிவாக இருந்தது. பார்ப்பவரே அளந்து பார்த்த காலம் அது.

நினைவில் நிலைத்த நிகழ்வுகளும் அவ்வளவுக்கு அரியவை. 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் பிரிவினை பற்றிப் பேசுகையில் பிரதமர் லீ குவான் இயூ கண்கலங்கிய காட்சியைச் சிங்கப்பூரர் திரையில் கண்டனர். 1971இல் செந்தோசாவில் துணைக்கோள நிலையம் திறக்கப்பட்டபின் அயல்நாட்டு நிகழ்வுகள் நேரடியாக வந்து சேர வழி பிறந்தது. 1974 ஜூலை 7ஆம் நாள் மேற்கு ஜெர்மனியும் நெதர்லாந்தும் மோதிய உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் வண்ணத்தில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பரில் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஊரே ஒன்றாகப் பார்த்த நிகழ்வு. அதனால் ஒருவருடைய நினைவை மற்றொருவருடைய நினைவு தாங்கி நிறுத்தியது.

தமிழின் பங்கை இங்கு நேராக நோக்கவேண்டும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் இரண்டே ஒளிவழிகளைப் பகிர்ந்துகொண்டன. தமிழுக்குக் கிடைத்தது ஒரு சிறு பங்கு: செய்தி, சில உள்ளூர் நிகழ்ச்சிகள், அவ்வப்போது ஒரு திரைப்படம். தமிழ்ப் படம் ஒளிபரப்பாகும் நாள் வீட்டின் நாட்காட்டியில் இடம்பெற்றதற்குக் காரணம் அப்படத்தின் சிறப்பு மட்டும் அன்று. அதனை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத நிலையும் காரணம். இன்று நாம் இனிமையோடு நினைவுகூரும் அந்தக் காத்திருப்பு, உண்மையில் ஒரு பற்றாக்குறையின் மறுபெயர்.

3. காலை வகுப்பறைக்கு உரியதாக இருந்த காலம்

பகல்நேரத்தில் திரை முற்றிலும் இருண்டே இருந்தது என்று கருதுதல் பிழையாகும். பலரும் மறந்துவிட்ட ஒரு செய்தி, ஆசிரியர்களாகிய நமக்கு மிக நெருக்கமானது. நம் நாடுகளில் காலைப்பொழுதில் தொலைக்காட்சியைப் பரவலாகப் பயன்கொண்ட முதல் நிலையம் பள்ளிக்கூடமே.

சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு கல்வித் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. மலேசியாவில் 1972 ஜூன் மாதம் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. மக்கள்தொகை பெருகிப் பள்ளிகள் நிரம்பி வழிந்த காலம் அது. அறிவியல், கணிதம் முதலிய பாடங்களுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதுமான அளவில் இல்லை. நகரப் பள்ளியில் கிடைக்கும் ஆய்வுக்கூட வசதி ஊர்ப்புறப் பள்ளிக்குக் கிட்டவில்லை. ஒரு தேர்ந்த ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டும் ஆய்வை நூற்றுக்கணக்கான வகுப்பறைகளுக்கு ஒரே நேரத்தில் கொண்டுசேர்க்கும் கருவியாகத் தொலைக்காட்சி கருதப்பட்டது.

அதன் செயல்முறையையும் நினைவில் கொள்ளல் வேண்டும். நிகழ்ச்சி நிரலும் ஆசிரியர் கையேடும் பள்ளிக்கு அனுப்பப்பட்டன. திரையில் பாடம் ஓடும் முன் ஆசிரியர் மாணவரை ஆயத்தப்படுத்தினார். முடிந்தபின் வினா எழுப்பினார். திரை பேசும் நேரம் குறுகியது. அதனைச் சுற்றியிருந்த வகுப்பறைப் பேச்சே பாடத்தை நிறைவு செய்தது. ஆகவே காலை நிகழ்ச்சி என்னும் வடிவமே கீழானது என்று கூறுவோர், தம் இளமையில் வகுப்பறையில் கண்ட காலை நிகழ்ச்சியை மறந்தே அவ்வாறு கூறுகின்றனர்.

4. காலை நிகழ்ச்சி உலகில் வளர்ந்த விதம்

இன்று நாம் காணும் வகையான காலை நிகழ்ச்சி அமெரிக்காவில் பிறந்தது. என்பிசி நிறுவனத்தின் 'டுடே' 1952 ஜனவரி 14ஆம் நாள் தொடங்கியது. செய்தி, வானிலை, பேட்டி, இலேசான உரையாடல் ஆகியவற்றை ஒரு தொகுப்பாளர் கோத்துத் தருவது அதன் அமைப்பு. டேவ் காரவே என்பவர் முதல் தொகுப்பாளர். தொடக்கத்தில் அந்நிகழ்ச்சி தள்ளாடியது. 1953இல் ஜே. ஃபிரெட் மக்ஸ் என்னும் சிம்பன்சிக் குரங்கு அதில் சேர்க்கப்பட்டபின் பார்வையாளரும் விளம்பரதாரரும் பெருகினர். காலைத் தொலைக்காட்சி மலிந்துவிட்டது என்னும் குறைகூறலுக்கான காரணம் அது பிறந்து ஏறத்தாழ ஓராண்டிலேயே கிடைத்துவிட்டது எனலாம்.

பிரிட்டனின் வரலாறு இதனினும் தெளிவான பாடம் தருகிறது. அங்கு பிபிசியின் 'பிரேக்ஃபாஸ்ட் டைம்' 1983 ஜனவரி 17ஆம் நாளும், வணிக நிறுவனமான டிவி-ஏஎம் பிப்ரவரி 1ஆம் நாளும் தொடங்கின. டிவி-ஏஎம், உலக நடப்புகளை ஆழமாக விளக்குவதே தன் பணி என்னும் உயர்ந்த நோக்கத்தோடு வந்தது. விடியற்காலையில் அவ்வளவு கனத்தை ஏற்க மக்கள் ஆயத்தமாக இல்லை. பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. சில வாரங்களிலேயே தலைமை மாறியது. பின்னர் 'ரோலண்ட் ராட்' என்னும் எலிப் பொம்மை திரைக்கு வந்தது, பார்வையாளர் பெருகினர், நிறுவனம் பிழைத்தது. பார்வையாளர் விரும்பிய எளிமையையே நிலையங்கள் வழங்கின. முழுப் பழியையும் நிலையங்கள் மீது சுமத்துதல் பொருந்தாது.

ஆயினும் காலை என்றால் எளிய அரட்டைதான் என்று விதி ஏதும் இல்லை. ஜப்பானின் என்எச்கே 1961 முதல் ஒவ்வொரு காலையும் சிறு நாடகத் தொடரை ஒளிபரப்பி வருகிறது. அவ்வரிசையில் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை வந்த 'ஓஷின்' 297 பகுதிகளைக் கொண்டது; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 நிமிடம். வறிய குடும்பத்துச் சிறுமி ஒருத்தி உழைத்து உயர்ந்து முதுமை எய்தும் வரையிலான வாழ்க்கை அது. 1984இல் சிங்கப்பூரிலும் அது ஒளிபரப்பாயிற்று. பழைய தொலைக்காட்சியின் பெருமைக்கு எடுத்துக்காட்டாக இங்கு பலர் அத்தொடரைச் சொல்வதுண்டு. அது பிறந்த நாட்டில் அது ஒரு காலை நிகழ்ச்சி.

இந்தியாவிலும் இதனை ஒத்த நிலை உண்டு. தூர்தர்ஷன் 1987இல் காலை ஒளிபரப்பை முறையாகத் தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரி முதல் ஞாயிறு காலைகளில் இராமானந்த் சாகரின் 'இராமாயணம்' ஒளிபரப்பாயிற்று. 1988 அக்டோபர் முதல் பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' தொடர்ந்தது. இந்தி அறியாத தமிழ்நாட்டு வீடுகளிலும் குடும்பத்தார் கூடி அவற்றைப் பார்த்தனர். எனவே, 'பழையது நன்று, காலை தீது' என்று இரண்டாகப் பிரித்து நிறுத்தும் வாதம் வரலாற்றின் முன் நிற்காது. பழையவற்றில் போற்றப்படுவன சில காலையில் வந்தவையே.

மலேசியாவில் ஆர்டிஎம் நிலையத்தின் 'செலாமாட் பாகி மலேசியா' 1985 முதல் ஒளிபரப்பாகிறது. 1984இல் டிவி3 தொடங்கி, தனியார் போட்டி பிறந்த சூழல் அது. அந்நிலையம் 1994இல் 'மலேசியா ஹரி இனி' என்னும் காலை நிகழ்ச்சியைத் தொடங்கியது. தமிழில், சென்னையின் சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14ஆம் நாள் தொடங்கியது. அதன் 'வணக்கம் தமிழகம்', ஜெயா தொலைக்காட்சியின் 'காலைமலர்' போன்ற நிகழ்ச்சிகள் தமிழ்க் காலை நிகழ்ச்சிக்கு ஒரு வடிவத்தை வகுத்துத் தந்தன. வணக்கம், விருந்தினர், சில கேள்விகள், ஒரு திரைப்பாடல், இடைவேளை என்பதே அவ்வடிவம்.

5. வடிவத்தின் பின்னுள்ள கணக்கு

காலை நிகழ்ச்சிகள் ஏன் ஒன்றைப்போல் ஒன்று அமைகின்றன என்பதை அறிய, அவற்றின் பொருளியலையும் பார்வையாளரின் நிலையையும் அறிதல் வேண்டும்.

காலையில் எவரும் அமர்ந்து பார்ப்பதில்லை. ஒருவர் பல் துலக்குகிறார். ஒருவர் பிள்ளைக்கு உணவு கட்டுகிறார். ஒருவர் பேருந்துக்கு விரைகிறார். திரையை விடக் காதே அந்நேரத்தில் வேலை செய்கிறது. எந்தக் கணத்தில் நுழைபவருக்கும் புரியவேண்டும். எந்தக் கணத்தில் வெளியேறுபவருக்கும் இழப்பு இருத்தல் ஆகாது. அதனால் பொருள் சிறு துண்டுகளாக உடைகிறது. ஒரே செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. திரையின் மூலையில் கடிகாரம் நிற்கிறது. இது தொகுப்பாளரின் அறிவுக் குறைவால் நேர்வது அன்று. பார்க்கும் சூழலுக்கு ஏற்பத் திட்டமிட்டுச் செய்யப்படுவது.

மற்றொன்று செலவு. நாடகத்திற்குக் கதையும் நடிகரும் ஒத்திகையும் வேண்டும். காலை நிகழ்ச்சிக்கு ஓர் அரங்கும் இரண்டு நாற்காலிகளும் போதும். விருந்தினர் தம் நூலையோ கடையையோ படத்தையோ அறிமுகப்படுத்த வருகிறார். உரையாடலுக்குரிய பொருளையும் அவரே கொண்டுவருகிறார். மணிக்கணக்கில் நேரத்தை நிரப்பவேண்டிய நிலையத்திற்கு இதனினும் சிக்கனமான வழி வேறில்லை. ஒளிவழிகள் பெருகிய அளவுக்கு, ஒவ்வோர் ஒளிவழிக்கும் கிடைக்கும் பணமும் பார்வையாளரும் பெருகவில்லை. நாளொன்றுக்குச் சில மணி நேரமே ஒளிபரப்பிய நிலையம் தன் உழைப்பை அச்சில மணிகளில் குவித்தது. நாள் முழுவதும் ஒளிபரப்பும் நிலையம் அதனைப் பரப்பி மெலிக்கிறது. பழைய நிகழ்ச்சிகளின் செறிவுக்கும் இன்றைய நிகழ்ச்சிகளின் நெகிழ்வுக்கும் இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

6. பெருகிய ஒளிவழிகளும் தமிழின் நேரமும்

இப்பெருக்கம் தமிழுக்குச் செய்த நன்மையை மறைத்தல் முறையன்று. சிங்கப்பூரில் 1984இல் 12ஆம் ஒளிவழி தொடங்கியது. 1990களின் நடுப்பகுதியில் 8ஆம் ஒளிவழி சீன மொழிக்கே உரியதாக, தமிழ் நிகழ்ச்சிகள் பிரைம் 12 ஒளிவழிக்கு இடம்பெயர்ந்தன. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் 'வசந்தம் சென்ட்ரல்' என்னும் பெயரில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குத் தனி நேரப் பகுதி அமைந்தது. 2008 அக்டோபர் 19ஆம் நாள் 'வசந்தம்' தனி ஒளிவழியாக மலர்ந்தது. மலேசியாவில் 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோளச் சேவையோடு 'வானவில்' வந்தது; பின்னாளில் அதன் 'விழுதுகள்' நிகழ்ச்சி உள்ளூர்த் தமிழரைக் காலையில் திரைக்கு அழைத்துப் பேசவைத்தது.

பிறர் மொழிகளுக்கிடையே ஒரு சிறு பங்கு பெற்ற நிலையிலிருந்து தனக்கென ஓர் ஒளிவழி பெறும் நிலைக்குத் தமிழ் வந்துசேர 45 ஆண்டுகள் ஆயின. பழைய காலத்திற்குத் திரும்பவேண்டும் என்று விரும்புவோர், இந்த 45 ஆண்டு உழைப்பின் பயனைத் திருப்பிக் கொடுக்க ஒப்புவார்களா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

பழைய காலம் எல்லார்க்கும் இனியதாகவும் இல்லை. 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடர்ந்து, ஹொக்கியன், தியோச்சூ, கண்டனீஸ் முதலிய சீன வழக்குமொழிகள் 1980களின் தொடக்கத்திற்குள் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டன. தாம் விரும்பிப் பார்த்த ஹாங்காங் தொடர்கள் வேறு மொழியில் பேசக் கேட்டபோது, அம்மொழி அறியாத முதியவர்கள் தம் வீட்டுத் திரையின் முன்னேயே அயலாராயினர். பழைய தொலைக்காட்சியின் பொற்காலம் எது என்னும் வினாவுக்கு அவர்கள் தரும் விடை நம் விடையினின்று வேறுபடும். ஒரு சமூகத்தின் நினைவை எல்லாருடைய வரலாறாகவும் எழுதிவிடலாகாது என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை.

7. திரையில் ஒலித்த தமிழ்

காலை நிகழ்ச்சிகள் மீதான குறைகூறல்களில் மிகுந்த கவனத்திற்குரியது மொழி பற்றியது. பழைய செய்தியறிக்கையின் தமிழ், வானொலியிடமிருந்து வழிவழியாக வந்தது. எழுதி, திருத்தி, பின் வாசிக்கப்பட்ட தமிழ் அது. அயற்சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் உழைப்பு அதன் பின்னே இருந்தது. தமிழ்ப்பள்ளியில் பயிலும் வாய்ப்பு இல்லாதவரும் நாள்தோறும் அதனைக் கேட்டுத் தம் சொல்வளத்தைப் பெருக்கினர். காலை நிகழ்ச்சியின் தமிழோ முன்னே எழுதப்படாதது. நினைத்தவுடன் நாவில் வருவது.

இங்கு இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பேச்சுத் தமிழைக் கேட்டவுடன் மொழி சிதைந்தது என்று எண்ணுவோர் உளர். ஆனால் சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, நல்ல பேச்சுத் தமிழை வகுப்பறையில் கற்பிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் மட்டும் கற்பித்தால், தேர்வில் எழுதும் மொழியாகவே தமிழ் நின்றுவிடும்; கடையிலும் பேருந்திலும் பேசும் மொழியாகாது. அந்நோக்கில், இயல்பாகவும் ஒழுங்காகவும் இருவர் தமிழில் உரையாடும் காலை நிகழ்ச்சி ஆசிரியருக்கு எதிரி ஆகாது. கிடைத்தற்கரிய கேட்டல் பயிற்சியாகும்.

மறுக்கவேண்டியது வேறொன்று. வினைச்சொல்லின் விகுதியை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டு, பெயரும் வினையும் பண்பும் ஆங்கிலத்தில் பேசும் வழக்கம் பேச்சுத் தமிழ் ஆகாது. பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் உண்டு, மரபு உண்டு, சுருக்கமும் சுவையும் உண்டு. நம் பாட்டிமார் ஆங்கிலம் கலவாமலே நாள் முழுதும் பேசினர். திரையில் தோன்றுவோர் அதனைப் பயிலாமல் வருவதே குறை. ஆகவே நாம் எழுப்பவேண்டிய கோரிக்கை, அரட்டையை நிறுத்துக என்பதன்று. நல்ல தமிழில் உரையாடுக என்பதே.

இது சுவை பற்றிய சிறு பூசல் அன்று என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சான்று. சிங்கப்பூர் இந்தியரில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர். 2020இல் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர். பத்தாண்டில் நேர்ந்த இச்சரிவை நோக்கும்போது, பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் காதில் காலையில் விழும் தமிழ்க் குரல் எதுவாயினும் அதற்கு ஒரு பொறுப்பு உண்டாகிறது. பல வீடுகளில் அக்குரல் திரையிலிருந்தே வருகிறது. சில வீடுகளில் அதுவும் இல்லை.

8. நினைவின் இயல்பு

பழைய நிகழ்ச்சிகள் அனைத்தும் சிறந்தவை என்னும் எண்ணம் பிறக்க மற்றொரு காரணமும் உண்டு. சிறந்தவை மட்டுமே நினைவில் தங்குகின்றன, சலிப்பூட்டியவை உதிர்ந்துவிடுகின்றன. ஒலி, ஒளிப்பதிவு நாடாக்கள் விலைமிக்கவையாக இருந்த காலத்தில், ஒருமுறை ஒளிபரப்பியதை அழித்து அதன்மேல் புதிதாகப் பதிவு செய்தல் உலகெங்கும் வழக்கமாக இருந்தது. பிபிசி போன்ற பெரு நிறுவனங்களே 1960களின் நிகழ்ச்சிகள் பலவற்றை இவ்வாறு இழந்தன. மீண்டும் பார்க்க இயலாத நிகழ்ச்சியை நினைவு தன் விருப்பம்போல் மெருகேற்றிக்கொள்கிறது. இன்றைய காலை நிகழ்ச்சியோ அனைத்துக் குறைகளோடும் நம் கண்முன் நிற்கிறது. ஒருபுறம் நூற்றில் ஒன்றாகத் தேர்ந்தது; மறுபுறம் நாள்தோறும் வருவது அனைத்தும். இவ்விரண்டையும் ஒப்பிடுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

இத்தனை குறைகளை நீக்கிய பின்னும் அந்த ஏக்கத்தில் ஓர் உண்மை எஞ்சுகிறது. அக்காலத்தில் ஒளிபரப்பு தொடங்கியது, முடிந்தது. முடிந்தபின் மக்கள் பேசினர். நேற்று இரவு கண்டதை மறுநாள் பள்ளியிலும் தொழிற்சாலையிலும் பேசினர். எல்லாரும் ஒன்றையே கண்டிருந்தமையால் அப்பேச்சுக்கு இடம் இருந்தது. நிகழ்ச்சியின் தரம் எதுவாயினும், அதனைச் சுற்றிப் பிறந்த உரையாடல் தமிழில் நடந்தது. முதியோர் தேடுவது பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை விட அந்த உரையாடலையே எனத் தோன்றுகிறது. ஒவ்வொருவர் கையிலும் தனித் திரை உள்ள இந்நாளில் அதனைத் தொலைக்காட்சி நிலையம் மட்டும் மீட்டுத் தர இயலாது.

9. வகுப்பறைக்குத் திரும்பும் காலை

2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைக்கப்பட்டபோது, இணைய வசதி இல்லாத மாணவர்களுக்காக மலேசியா மீண்டும் தொலைக்காட்சியை நாடியது. கல்வி நிகழ்ச்சிகள் திரைக்குத் திரும்பின. 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி என்னும் கல்வி அலைவரிசை தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு முன் காலைப்பொழுதில் திரை செய்த பணியை, நெருக்கடி வந்ததும் அதுவே மறுபடியும் ஏற்றுக்கொண்டது. காலை நேரத்தின் இயல்பு மாறவில்லை; அதனைப் பயன்கொள்வோர் நோக்கமே மாறி வந்துள்ளது.

இவ்வரலாற்றை முழுமையாக்கும் பணி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது. 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு, 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் ஆகிய நாளிதழ்களைப் புரட்டி, தமிழ் நிகழ்ச்சிகள் எந்நாளில், எந்நேரத்தில், எவ்வளவு நேரம் இடம்பெற்றன என்று பட்டியலிடலாம்; முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் காணலாம். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பதிவு 1979 முதல் நடைபெற்று வருகிறது. அம்முறையைப் பின்பற்றி, ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் முதன்முதலில் திரையில் கண்டது என்ன, யாரோடு கண்டார், எம்மொழியில் கேட்டார் என்று வினவிப் பதிவு செய்யலாம். பின்னர் இன்றைய காலை நிகழ்ச்சி ஒன்றின் பத்து நிமிடத்தைக் கேட்டு, அதில் வரும் நல்ல தொடர்களையும் திருத்தத்தக்க தொடர்களையும் வகுப்பில் பிரித்துக் காட்டலாம்.

முன்னது முதியவரின் நினைவைச் சான்றாக உயர்த்தும். பின்னது இளையவரின் செவியைக் கூர்மையாக்கும். இவ்விரு பணிகளையும் செய்யும்போது, பாட்டனும் பேரனும் ஒரு திரையைப் பற்றி மீண்டும் தமிழில் பேசத் தொடங்குவர்.